தண்ணீர்மலைக் காட்டில் பூ பார்க்கும் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் ஏறும் மலைக்காட்டுக்குப் பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்று காட்டுப்பூக்களைக் காட்டுகிறேன். விளக்கம் முழுவதும் தமிழில்தான். வர விரும்புபவர்கள் கேட்கும் கேள்விகளையும், நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வருவதற்கு முன் முதல் கேள்வியையாவது படித்துவிடுங்கள்.

காடு முழுக்கப் பூத்துக் குலுங்குமா?

குலுங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள், பூ என்றதும் பாத்தி கட்டி வளர்த்த ரோஜாவை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் அரை மணி நேரம் அவர்கள் கண்ணில் படுவது பச்சை, அதற்கப்பால் இன்னொரு பச்சை. மழைக்காட்டின் பூக்களில் பெரும்பாலானவை நம் கண்மட்டத்தில் இருப்பதில்லை. முப்பது மீட்டர் உயரத்தில் மரத்தலையில் இருக்கும், அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சருகுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஒரு சில, காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆகவே இங்கே முதலில் பழகவேண்டியது எங்கே பார்ப்பது என்பதைத்தான். பாதையில் உதிர்ந்து கிடப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை உதிர்த்த மரம் எது என்று அண்ணாந்து தேடுவதில் எங்கள் நேரத்தில் பாதி போய்விடும்.

எங்கே கூடுகிறோம்? எவ்வளவு தூரம் நடப்போம்?

பூங்காவின் முன்வாசலில், காலை 7.15 மணிக்கு. ஜார்ஜ் டவுன் நகர நடுவிலுள்ள கொம்தாரிலிருந்து வருபவர்கள் 10-ஆம் எண் பஸ்ஸைப் பிடிக்கலாம். பூங்காவிலிருந்து மலையுச்சிக்கு ஜீப் ஏறும் தார்ச்சாலை ஒன்று போகிறது. சுமார் 5 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. காலையில் அதில் மூச்சிரைக்க ஏறுபவர்கள் நம்மைக் கடந்து போவார்கள். நாம் போவது முதல் ஒரு கிலோமீட்டர் மட்டும். அதற்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். பாதி வழியில், 84-ஆம் விளக்குக் கம்பத்தருகே தேநீர் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. 'அதுவரை போவோமா?' என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். இதுவரை என் குழு எதுவும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை.

தைப்பூச வாரத்தில் நடை கிடையாது. சாலை முழுக்கக் காவடியும் தண்ணீர்ப்பந்தலுமாக இருக்கும்போது பூ பார்க்க யாருக்கு மனம் வரும்? 'தண்ணீர்மலை' என்று தமிழில் நாம் சொல்வது இங்கே இருக்கும் அருவியை வைத்துத்தான். முருகனைக் கும்பிட இந்தச் சாலைக்குப் பல முறை வந்திருந்தும், கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் காலடி வைக்காதவர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம்.

கட்டணம் உண்டா?

இல்லை. பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. முடிந்தபின் ரொட்டி சானாய் கடையில் அவரவர் கணக்கு அவரவருக்கு.

வழியில் என்னென்ன பார்ப்போம்?

வாரத்துக்கு வாரம் மாறும். ஆனாலும் சிலவற்றை எப்போதும் நம்பலாம்.

சாலையோரத்தில் வெயில் படும் இடங்களில் செண்டுடுக் என்னும் புதர்ச்செடி. ஊதா இதழ்கள் ஐந்து. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒருமுறை எங்களோடு வந்த முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவர், சிறுமியாக இருந்தபோது இதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு தம்பியைப் பயமுறுத்திய கதையைச் சொன்னார். தாவரவியலில் இதன் பெயர் மெலஸ்டோமா. கிரேக்க மொழியில் 'கருத்த வாய்' என்று பொருள். அந்த அம்மாவின் விளையாட்டும் அறிஞர்களின் பெயரிடலும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை எண்ணி நான் இன்னும் சிரிப்பதுண்டு. பூவைக் கைவில்லையில், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: மகரந்தத் தாள்கள் இரண்டு வகை. மஞ்சளாக இருப்பவை கண்ணைப் பறிக்கும். அவை வண்டுக்கு வைத்த விருந்து. ஊதாவாக வளைந்து நிற்பவை இதழோடு நிறம் கலந்து மறைந்திருக்கும். அடுத்த பூவுக்குப் போகவேண்டிய மகரந்தம் அவற்றில்தான். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தப் பையின் நுனித்துளை வழியாகத் தூள் கொட்டும். வண்டு மஞ்சளை மேய்ந்துகொண்டிருக்கையில், ஊதாத் தாள்கள் அதன் உடலில் சத்தமில்லாமல் பொடியைப் பூசிவிடும். வண்டின் ரீங்காரம் இந்த நேரத்தில் சட்டென்று குரல் மாறும். அதைக் கேட்க ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவேண்டும். குழுவில் எல்லோரும் சேர்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தது மிகச் சில முறைதான்.

நிழலுக்குள் போனால் காட்டு இஞ்சிகள். நம் சமையலறையின் இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பினாங்கு அசாம் லக்சாவில் நறுக்கிப் போடும் புங்கா கந்தானும் இதுவே. நாம் சாப்பிடுவது அதன் மொட்டு. இலைகள் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்திருக்க, சில வகைகளின் பூ மட்டும் வேரடியில், சருகை விலக்கிக்கொண்டு சிவப்பாக வெளிவந்திருக்கும். மேலே பார்த்துக்கொண்டு நடப்பவர் அதை மிதித்துவிடுவார், நானே மிதித்திருக்கிறேன். இஞ்சிப்பூவில் பெரிய இதழ்போல விரிந்து தொங்குவது உண்மையில் இதழே அல்ல. மகரந்தத்தை இழந்த தாள்கள் ஒன்றாக இணைந்து அப்படி வேடமிட்டிருக்கின்றன. வேலை செய்யும் மகரந்தத் தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு குடும்பத்தில் ஒருவர் உழைக்க மற்றவர்கள் அலங்காரம் செய்துகொண்டு நிற்பது காட்டிலும் உண்டு என்று ஒருவர் சொன்னார். அவர் தம் மனைவியோடு வந்திருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

அடிமரத்தில் பூப்பவற்றைச் சொல்லவேண்டும். பலாவும் டுரியானும் கிளையிலும் தண்டிலும் பூப்பது எல்லோருக்கும் தெரியும். பாலிக் பூலாவ் பக்கம் உறவினர் இருந்தால், டுரியான் பூக்கும் நாளில் மாலை நேரம் போய்ப் பாருங்கள். அந்தியில் மலர்ந்து, இரவில் வௌவால்களுக்குத் தேன் கொடுத்து, விடிவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடும். நம் பாதையில் அதற்கு ஈடாக இருப்பது மஞ்சள் அசோகு. நம் இலக்கியங்களில் வரும் அசோக மரத்தின் நெருங்கிய உறவு. தண்டையே பிளந்துகொண்டு வந்ததுபோல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதிலும் இதழ் கிடையாது. நிறம் காட்டுவது புல்லிவட்டம்.

பிறகு அத்தி. 'அத்தி பூத்தாற்போல' என்று அரிதாக வருபவரைச் சொல்கிறோம். மரமோ ஓயாமல் பூத்துக்கொண்டிருக்கிறது. நாம் காய் என்று நினைப்பதன் உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள். நுனியிலுள்ள துளை வழியாக ஓர் அத்திக்குளவி, கடுகைவிடச் சிறியது, சிறகு பிய்ந்துபோனாலும் பரவாயில்லை என்று நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது, முட்டையும் இடுகிறது. பெரும்பாலான அத்தி இனங்களுக்குத் தனித்தனிக் குளவி. கீழே விழுந்த ஒரு காயைப் பேனாக்கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டுவேன். அடுத்த முறை அந்தப் பழமொழியைச் சொல்லும்போது உங்கள் நாக்கு சற்றுத் தயங்கும்.

பூங்காவில் நாகலிங்க மரம் இருக்கிறதே, அது காட்டுப்பூ இல்லையா?

இல்லை. நாகலிங்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கோயில்தோறும் வைத்து நம் மரமாக்கிக்கொண்டோம். தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடி, தூங்குமூஞ்சி மரம் எல்லாமே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவைதான். பூங்கா 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கியது. உலகின் பல பகுதிகளின் மரங்களை அங்கே நட்டுப் பார்த்தார்கள். நாம் பூங்காவின் வேலியைத் தாண்டியபின் பார்ப்பவைதாம் கணக்கில் சேரும்.

வேலி தாண்டினாலும் ஏமாறலாம். இலையில் முடி அடர்ந்து, சின்ன வெள்ளைப் பூவோடு நிழலில் வளரும் கிளிடெமியா என்னும் புதர் ஒன்று இங்கே உண்டு. செண்டுடுக்கின் உறவு, ஆனால் அமெரிக்கக் குடியேறி. காட்டின் உள்ளே வரை புகுந்துவிட்டதால், அதைச் சொந்தச் செடி என்று நினைத்துப் பல குழுக்களுக்கு நான் தவறாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழுக்களில் வந்தவர்கள் இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் இலக்கியத்தில் வரும் பூக்கள் இங்கே உண்டா?

இருக்கின்றன. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. மகிழம்பூ, மலாயில் புங்கா தஞ்சோங், காய்ந்தாலும் மணம் மாறாது. கடற்கரையில் தாழை. புன்னையைச் சொன்னால் ஊர் வரலாறே வந்துவிடும்: 1786-இல் ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்கு மலாயில் தஞ்சோங் பெனாகா என்று பெயர்; அந்தப் பெனாகா மரம்தான் புன்னை. ஜார்ஜ் டவுன் எழுந்தது ஒரு புன்னங்கானலில். மலைக்குள் வந்தால் வெட்சியின் காட்டு உறவுகள் நிழலில் பூக்கும். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் காயாவின் உறவுகளும் இந்தக் காடுகளில் உண்டு. கிளைக்கணுக்களில் நீலப் பொடி தூவியதுபோல் பூக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் கேட்காதீர்கள். அது தென்னிந்திய மலைகளின் சொத்து.

ராஃப்லேசியா என்னும் ராட்சதப் பூவைப் பார்க்க முடியுமா?

இங்கே இல்லை. பேராக்கில் கோப்பெங் பக்கமும், ரோயல் பெலும் காட்டிலும் பார்க்கலாம். மேலும் அது பூத்திருக்கும் நாள்கள் குறைவு, நமக்காகக் காத்திருக்காது.

பூச்சி தின்னும் குடுவைச் செடி?

பினாங்கு மலையின் மேட்டுப்பகுதியில் உண்டு. நம் பாதை அவ்வளவு உயரம் போகாது. மலை ரயிலில் ஏறி (1923 முதல் ஓடுகிறது, இப்போதைய பெட்டிகள் புதியவை) நீங்களே போய்ப் பார்க்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: குடுவை பூ அல்ல, இலை நுனியின் நீட்சி. பூ தனியாக, மெல்லிய தண்டில், பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இங்குள்ள ஒரு வகையில் குடுவை விளிம்புக்குக் கீழே வெள்ளை வளையம் ஒன்று காணப்படும். அந்த வெள்ளை, கறையான் தின்னும் மென்மயிர். தின்ன வரும் கறையான்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே விழுகின்றன. புரூணையில் இதைக் கவனித்து 2002-இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். வளையம் தேய்ந்துபோன குடுவையைக் கண்டால், விருந்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் மழை வலுக்கும். வறட்சி முடிந்து மழை தொடங்கும் வாரங்கள்தாம் என் தேர்வு. ஆனால் எந்த மாதமும் வெறுங்கையோடு அனுப்பாது.

பெருமரங்கள் மட்டும் நாள்காட்டிக்குக் கட்டுப்படாதவை. மெராந்தி, செராயா போன்றவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுவதும் பேசிவைத்ததுபோல் பல இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். வறட்சியும், இரவில் சற்றுக் குளிர்ந்த வானிலையும் தூண்டுகோல் என்கிறார்கள். அப்போது பாதையில் காகிதக் காற்றாடிபோல் முறுக்கிய இதழ்கள் கொட்டிக் கிடக்கும். அவற்றில் பலவற்றுக்கு மகரந்தம் சேர்ப்பது, நம் வீட்டு மிளகாய்ச் செடியைச் சுருட்டும் இலைப்பேனின் உறவுப் பூச்சிகள். அவ்வளவு பெரிய மரத்துக்கு அவ்வளவு சிறிய தரகர். மலைமுகடுகளில் சாம்பல்நீலத் தலையோடு தெரியும் செராயாவின் அறிவியல் பெயரில் கர்ட்டிஸின் பெயரும் இருக்கிறது.

பூஜைக்குப் பறிக்கலாமா?

கூடாது. 'சாமிக்குத்தானே' என்று கேட்பார்கள். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, காப்புக் காட்டிலிருந்து உரிமம் இல்லாமல் எதையும் எடுப்பது குற்றம். சட்டம் இருக்கட்டும், ஒரு செடியில் ஒரே ஒரு பூ இருக்கும்போது, அதைப் பறித்தால் இந்த ஆண்டு விதை இல்லை. உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகரலாம். அங்கேயே போட்டுவிட வேண்டும். தும்பை வேண்டுமானால் உங்கள் வீட்டு வேலியோரத்தில் தேடுங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

எது எந்த நோய்க்கு மருந்து என்று சொல்வீர்களா?

மாட்டேன். மருந்து வேருக்குப் பேர்போன தொங்காட் அலியின் பூ எவ்வளவு சின்னது, எவ்வளவு அழகு என்று காட்டுவேன். அதன் வேரைப் பற்றிய கேள்விகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

எதை அணிந்து, எதைக் கொண்டு வருவது?

சிலிப்பர் வேண்டாம். விலை உயர்ந்த சப்பாத்தும் தேவையில்லை. பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, எல்லோரும் கேலியாகக் 'கம்போங் அடிடாஸ்' என்பது, ஈரச் சரிவில் அதைப்போல் பிடிப்பது வேறொன்றில்லை. பசியாறிவிட்டு வாருங்கள். ஒரு போத்தல் தண்ணீர், சின்ன நோட்டு, பென்சில். ஈரத்தில் பேனா எழுதாது. பத்து மடங்கு கைவில்லை என்னிடம் நான்கு இருக்கின்றன. அதைப் பூவின்மேல் வைத்துக் குனிந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முகத்தைப் பூவின் அருகே கொண்டுபோகவேண்டும்.

உணவை நெகிழிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வராதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

அட்டை, பாம்பு, குரங்கு?

குரங்குதான் தொல்லை. நீண்டவால் குரங்குகளுக்குப் பையின் சரசரப்பே சாப்பாட்டு மணி. அவற்றுக்கு உணவு கொடுப்பது தடை. கொடுத்துக் கெடுத்தவர்களும் நம்மவர்கள்தாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு சாது. நம்மிடம் வராது. ஆனால் நாம் பார்க்க வந்த பூவை நமக்கு முன்பே தின்றுவிட்டிருக்கும்.

தார்ச்சாலையில் அட்டை அநேகமாக இருக்காது. ஒற்றையடிப் பாதையில் மழைக்குப் பின் இருக்கும். கடித்தால் நகத்தால் மெல்லத் தள்ளிவிடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். பாம்பு நம்மைக் கண்டால் போய்விடும். கையூன்றும் இடத்தைப் பார்த்து ஊன்றினால் போதும்.

எனக்குக் கவலை ஒரு மரத்தைப் பற்றி: ரெங்காஸ். சேராங்கொட்டையின் குடும்பம், மாமரத்துக்கும் உறவு. அதன் கறுக்கும் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். பட்டையில் கரிய கசிவு தெரியும் எந்த மரத்திலும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். தரைக்கு அருகில் இருப்பதால் இஞ்சிப்பூவை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களே. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஜீப் சாலையின் ஏற்றத்தைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்காக ஆண்டில் சில முறை, பூங்காவின் சமதளத்திலேயே காட்டோரத்தை ஒட்டி நடக்கிறோம். அதில் வரும் தாத்தா பாட்டிகளின் தோட்டப்புற நினைவுகளால் எனக்குக் கிடைக்கும் செய்திகள், நான் கொடுப்பதைவிட அதிகம்.

தாவரவியல் படிக்கவில்லையே, பெயர்களை எப்படி நினைவு வைப்பது?

வைக்கவேண்டாம். முதல் நடையில் மூன்று செடி போதும். தமிழ்ப் பெயர் இருப்பவற்றை அதிலேயே சொல்வேன். இல்லாதவற்றுக்கு நானாக ஒரு தூய தமிழ்ப் பெயரைச் செய்து ஒட்டுவதில்லை. இங்குள்ள மலாய்ப் பெயரையே சொல்வேன். நம் தாத்தாக்கள் டுரியானுக்கும் ரம்புத்தானுக்கும் புதுப் பெயர் தேடிக்கொண்டிருக்கவில்லை, சாப்பிட்டார்கள்.

படம் எடுத்து இணையத்தில் போடலாமா?

தாராளமாக. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் அறிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். இந்தக் காடு, 2021-இல் யுனெஸ்கோ அறிவித்த 12,481 ஹெக்டேர் பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. எளிய செடிக்கும் ஒரு பதிவு இருப்பது பயன்தான். இலை தனியாக, பூ பக்கவாட்டில், செடி முழுதாக என மூன்று படம் எடுங்கள். பூவின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பி 'இது என்ன?' என்றால் எவராலும் சொல்லமுடியாது.

ஆர்க்கிட் என்றால் மட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள். பினாங்கு மலையின் பாதுகை ஆர்க்கிட் போன்றவற்றை வேரோடு பெயர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. அது எங்கே பூக்கிறது என்று என்னிடமும் கேட்காதீர்கள்.

மழை பெய்தால்?

தூறலில் நடப்போம். இடி இடித்தால் ரத்து. காட்டில் ஆபத்து மின்னல் மட்டுமன்று, முறிந்து விழும் கிளையும்தான். காலை ஆறரைக்குள் செய்தி அனுப்பிவிடுவேன்.

ரத்தானதற்காக வருந்துபவர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு. வெக்கை நாளில் திடீரென்று பெருமழை கொட்டி ஐந்து பாகை அளவுக்குக் குளிர்ந்தால், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் காலை, உங்கள் வீட்டருகே உள்ள பழைய தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளைப் பாருங்கள். அதில் புறா ஆர்க்கிட் தொற்றி வளர்ந்திருந்தால், சின்ன வெள்ளைப் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்ததுபோல் பூத்திருக்கும். அந்த மழை நனைத்த வட்டாரத்தில் உள்ள அத்தனை செடியும் அதே நாளில் பூக்கும். காலை மணம் அருமையாக இருக்கும். மாலைக்குள் வாடிவிடும், ஆகவே வேலைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.